துருத்திக் காற்று

ஈயக்குண்டு இறங்கியிருந்தது. ஆர்கன் என்கிற குழல் வாத்தியத்தின் ஓரமாய் நூலில் தொங்கும் அந்தக் குண்டு இறங்கியிருந்தால் உள்ளே துருத்தி நிறையக் காற்று என்று அர்த்தம். தட்டிக்குப் பின்னால் நின்று துருத்திக் கட்டையை அழுத்திவந்த சவுரிராயனைப் புதைத்து மூன்று நாளாகிறது. பின்னே யார் அழுத்தினார்கள்?

அவன் பெண்சாதி சவுரியம்மாள் இன்றைக்குத் துருத்தி அழுத்த வருகிறேனென்று சொல்லியிருந்தாள், அவளாகத்தான் இருக்குமென்று ஹார்ட்லி துரை மனசைத் தேற்றிக்கொண்டார். 1938 மே மாத மத்தியானம். திண்டிவனத்து மிஷன் கோயிலில் வெக்கையும் வவ்வால் நாற்றமும்தான் அவருக்குத் துணை.

இங்கிலாந்தில் பெரிய தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, பாட்டுகள் எழுதி அச்சில் பார்த்த மனுஷர். மனைவி செத்ததும் கப்பலேறி வந்து, அவள் நினைவாகப் பதினாலு வருஷம் ஒரே பாட்டை எழுதினார். பாவம், அதை முழுசாய் ஒரு ஜீவனும் கேட்டதில்லை. நாளை ரயிலேறிக் கப்பல் பிடித்து ஊருக்கே திரும்புகிறார். அதற்குள் ஒரு தடவையாவது யாராவது கேட்க வேண்டும்.

வாசித்தார். காற்று தாராளமாய் வந்தது, சவுரிராயன் நாளில்கூட இப்படி வந்ததில்லை. குழல்களிலிருந்து முகத்தில் அடித்த காற்றில் பழந்தோல் வாடை, தூசி வாடை, அதோடு காலையில் அவர் குடித்த காப்பியின் வாடை. நெஞ்சு லேசாய் இறுகியது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வாசல் கதவு திறந்தது. சவுரியம்மாள் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றுவிட்டதாம், இப்போதுதான் வருகிறாளாம். ஆர்கன் ஒலிப்பதைக் கேட்டு முகம் மாறி, தட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அவரு போன அன்னிக்கு கட்டைய நான் கட்டிப்போட்ட கயிறு அப்படியே இருக்குதுங்க ஐயா. ஆளே இல்லீங்க. தோலு மட்டும் தானா ஏறி எறங்கிக்கினு இருக்குது."

நிறுத்தியிருக்கலாம். இன்னும் இரண்டே பக்கம். கேட்க ஒரு ஆளும் வந்தாயிற்று. அந்த ஆசையில் தொடர்ந்து வாசித்தார்.

அப்போதுதான் கவனித்தார். நெஞ்சு அசையவில்லை. எத்தனை நேரமாய்? தெரியவில்லை. மூச்சை இழுத்தார். வரவில்லை. கையை எடுக்கப் பார்த்தார். விரல்கள் நிற்காமல் வாசித்துக்கொண்டே இருந்தன.

சவுரியம்மாள் கிட்டே வந்து அவர் மூக்கருகே புறங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். மூச்சுக்காற்றே படவில்லை.

"ஐயா," என்றாள்.

வாய் திறந்தார். சத்தமில்லை; அவர் மூச்சு துருத்தியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. விரல்கள் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கின.