உள்ளே இருவர்

கதவருகே இருந்த சின்னத் திரை, உள்ளே இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னது. அவள் ஒருத்திதான் இருந்தாள். சனிக்கிழமை மதியம் மூன்றே கால் மணி. விடுமுறை நாளில் ஜன்னலில்லாத இந்தச் சோதனை அறைக்கு வந்து உட்காரும் பைத்தியக்காரி அலுவலகத்தில் வேறு யாரும் கிடையாது. ஆனாலும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டும்போதெல்லாம் திரை இன்னொரு அட்டையைக் கேட்டது. உள்ளே எத்தனை பேரோ அத்தனை அட்டைகளையும் பார்த்தால்தான் கதவு திறக்கும். போன வருடம் ஒரு கணினி களவு போன பிறகு நிர்வாகத்துக்கு உதித்த ஞானம் அது.

கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மேசைத் தொலைபேசியில் வாயில் காவலாளியை அழைத்தாள்.

"அண்ணே, கதவு திறக்க மாட்டேங்குது. ரெண்டு பேர்னு காட்டுது."

"இங்கயும் அப்படித்தாம்மா காட்டுது. கூட யாரு?"

"யாருமில்லண்ணே."

"சாவி மேனேஜர்கிட்ட இருக்கு. அவர் வெளியூர் போயிருக்காரு, நாளைக்குத்தான் வருவாரு."

சனிக்கிழமையும் திறந்திருக்கும் கீழ்த்தளத்துக் குழந்தைகள் காப்பகத்தை நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். அவள் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்திருப்பாள். கூட்டிப்போக அம்மாவை விட்டால் வேறு ஆள் இல்லை.

கதவு, விளக்கு, ஏசி மூன்றும் இரும்புக் கூண்டுக்குள் இருந்த ஒரு பழைய கணினியின் பிடியில் இருந்தன. மின்சாரத்தைப் பிடுங்கினால் பூட்டு பூட்டியபடியே நின்றுவிடும். ரீபூட் செய்தால், அதாவது அணைத்து எழுப்பினால், ஆள் கணக்கு அழியும்; அவள் அட்டை ஒன்றே போதும். அவள் பிழைப்பே அதுதான். இயங்குதளத்தில் ரீபூட் பகுதியை எழுதுபவள். பார்ப்பவர்களுக்கு அது ஒரு பொத்தான். உள்ளே போனால் ஊர்ப்பட்ட தொல்லை. ஒரு கணினி சொன்னதும் விழுந்து எழும், இன்னொன்று விழுந்தே கிடக்கும், மூன்றாவது காதிலேயே வாங்காது. அதனால் முதலில் கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலான பயோஸிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும். மசியாவிட்டால் அடுத்த வழி.

மேசை விசைப்பலகையில் தட்டி, மரியாதையாகக் கேட்டாள்.

விளக்கு அணைந்தது. காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த ஏசியின் இரைச்சலும், அதற்கடியில் இருந்த விசிறிகளின் முனகலும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஓய, சூடான தூசியின் வாசனை மட்டும் மூக்கில் நின்ற அந்தப் பத்து விநாடி அமைதியில், அறையின் கோடியில் யாரோ மெதுவாக மூச்சுவிடுவது கேட்டது.

விளக்கு வந்தது. கோடியில் கணினி அடுக்குகளைத் தவிர ஒன்றுமில்லை. திரையில் இன்னமும் இரண்டு.

கணினி அரைகுறையாக எழுந்திருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். சில கணினிகள் இப்படித்தான், தலை மட்டும் எழும், அட்டையைப் படிக்கும் கருவி பழைய கணக்கை விடாமல் வைத்திருக்கும். அடுத்த வழி, விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லு, அதாவது சிப். கணினியையே விழவைக்கும் கம்பியை அதன் கையில் கொடுத்துவைத்த மகராசன் யாரோ தெரியவில்லை. மணி மூன்று முப்பத்தைந்து. இருட்டுக்குப் பயந்தால் பிள்ளையை யார் கூட்டிப்போவது?

அழுத்தினாள்.

இருட்டு. அமைதி. மூச்சு இப்போது கோடியில் இல்லை. நாலு எட்டுத் தள்ளி, அவள் நாற்காலிக்குப் பின்னால். ஈரமான பாதம் தரையிலிருந்து பிரியும் ஓசை.

விளக்கு. யாருமில்லை. இரண்டு.

ஒவ்வொரு இருட்டிலும் அது நெருங்குகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. இருட்டாக்காமல் கதவைத் திறக்க வழியில்லை என்பதும் தெரியும். தொலைபேசி அடித்தது.

"அம்மா, காப்பகத்து ஆயா கேக்குறாங்க. பாப்பா அழுவுதாம்."

"அஞ்சு நிமிஷம்ணே. வந்துருவேன்னு சொல்லுங்க."

பாக்கியிருந்தது கடைசி வழி. கணினியின் மூளையான பிராசசரை வேண்டுமென்றே ஒரு பிழையில் தள்ளுவது. அதைச் சமாளிக்கப் போகும் இடத்தில் இன்னொரு பிழை, அங்கேயும் ஒன்று. பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படி. மூன்றாவது அடியில் அது எல்லாவற்றையும் மறந்து விழுந்து எழும். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையை நீட்டி அழுத்தினாள்.

இருட்டு.

மூச்சு. முகத்தின்மேல். குளிர்ந்த மூச்சு.

அசையவில்லை. அசைய முடியவில்லை. கழுத்தில் ஏதோ பட்டது. விரல்கள். நிதானமாக அட்டைக் கயிற்றைத் தூக்கி, தலைக்குமேல் கழற்றின. ஈரப் பாதங்கள் விலகின. கதவு திறந்தது. சாத்திக்கொண்டது.

விளக்கு வந்தது. திரையில் ஒன்று. கழுத்தில் அட்டை இல்லை. கதவை இழுத்தாள், உதைத்தாள். அசையவில்லை. கால் மணி நேரம் கத்தியும், காவலாளியைத் தொலைபேசியில் அழைத்தும், யாரும் எடுக்கவுமில்லை, வரவுமில்லை. பிறகுதான் தொலைபேசி அடித்தது.

"ஹலோ, உள்ள யாரு? ஒரு ஆள் இருக்குன்னு காட்டுதே."

"நான்தாண்ணே. கதவ உடைங்க, சீக்கிரம்."

"யாரும்மா நீங்க? அந்த ரூம்ல இருந்த அம்மா இங்க என் முன்னாடி நிக்கிறாங்க, பாப்பாவோட."

அவருக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. "அம்மா, உன் கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

"வீட்டுக்குப் போனா சூடாயிடும் கண்ணு," என்று அவளுடைய சொந்தக் குரலே பதில் சொன்னது. "வா."

"அண்ணே, பாப்பாவ விடாதீங்க. அது நான் இல்ல."

வாயில் கேட் திறந்து மூடும் சத்தம் தொலைபேசியில் தெளிவாகக் கேட்டது.