எழுதாத எச்சரிக்கை

எட்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.

மீமிசல் இறால் கம்பெனி முதலாளி திருமுருகன், சிவரஞ்சனிக்குத் தர வேண்டிய பாக்கி.

அவள் புருஷன் வெற்றிசெல்வன் கம்பெனிக் குளிரறையில் விறைத்துச் செத்தபோது, பிணத்தை வாசலை விட்டு எடுப்பதற்காக ஊர் முன்னால் ஒத்துக்கொண்ட தொகை. மண் போட்ட மறுநாளே பேச்சு மாறிவிட்டார். காசுக்குப் பதில் வேலை கொடுத்தார். கம்ப்யூட்டர் ரூமில்... முதல் வேலையே புருஷன் பெயரை சர்வரிலிருந்து எடுப்பது!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கம்பெனியில் ஆளில்லை.

இன்டர்காம் அலறியது.

"ஏ ரஞ்சனி... பெட்டி எண்ண உள்ள வந்தேன், குளிரறைக் கதவு சாத்திக்கிருச்சு. திற."

முதலாளி எந்தக் கதவையும் தன் கையால் திறந்ததில்லை. காருக்கு ஒரு ஆள், கேட்டுக்கு ஒரு ஆள், குளிரறைக்கு இவள்.

"திறக்காது முதலாளி."

"என்னது?"

"கார்டைத் தேய்ச்சா, கதவு, ஆளுங்க பேரெல்லாம் இருக்குற டைரக்டரி சர்வரைக் கேக்கும். இது நம்ம ஆளா, விடலாமான்னு. மூணு செகண்டுல பதில் வரலைன்னா விடாது. சர்வர் இப்பத் திணறுது. லாக் லெவலை உச்சத்துல ஏத்தி வச்சிருக்கேன்."

"லெவலா? புரியுற மாதிரி சொல்லுடி."

"சர்வர் தனக்கு நடக்குறத எழுதி வைக்கும்ல, அதான் லாக். கீழ் லெவல்ல வச்சா பெரிய பிழைய மட்டும் எழுதும். நடுவுல வச்சா எச்சரிக்கையும் எழுதும். உச்சத்துல வச்சா யாரு வந்தா, என்ன கேட்டா, எல்லாத்தையும் எழுதும். எழுதி எழுதியே அசந்துரும். பதில் சொல்ல நேரமிருக்காது."

"கொறச்சுத் தொலை."

"கொறைக்கிறேன். அதுவரைக்கும் கார்டைத் தேய்க்காதீங்க. ஒவ்வொரு தேய்ப்புக்கும் நூறு வரி எழுதும். இன்னும் லேட்டாகும்."

ரிசீவரை மேசை மேல் படுக்க வைத்தாள். சோற்று டப்பாவைத் திறந்தாள். நிதானமாய்ச் சாப்பிட்டாள். கை கழுவினாள்.

உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி. அவருக்கோ வேட்டி, அரைக்கைச் சட்டை. செல்போன் காரில்.

மறுபடி எடுத்தாள்.

"ஏய்... எங்க போன? ஆண்டிச்சாமியக் கூப்புடு. கடப்பாரையால ஒடைக்கச் சொல்லு."

"வாட்ச்மேன் அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு. உள்பக்கம் ஒரு கைப்பிடி இருந்துச்சே முதலாளி? தள்ளுனா திறக்குமே?"

பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்.

"டீ குடிக்க நழுவுறானுங்கன்னு... கழட்டச் சொல்லிட்டேன்."

"சரி. எம் புருஷன் அன்னைக்குக் கார்டு தேய்ச்சாரா?"

"லாக்ல ஒண்ணுமில்லன்னு போலீஸே சொல்லிருச்சே தாயி..."

டி போய்விட்டது. தாயி வந்துவிட்டது.

"ஏன் ஒண்ணுமில்ல? பேசுங்க முதலாளி. நீங்க பேசுனாத்தான் எனக்கு இங்கிட்டு வேலை ஓடும்."

"அந்தக் கதவு... தெனமும் எச்சரிக்கை எழுதுச்சு. பதில் லேட்டு, பதில் லேட்டுன்னு. லேபர் ஆபீசர் பாத்தா சீல் வச்சிருவாரு... லெவலைக் கீழ எறக்கச் சொன்னேன்."

"கதவைச் சரி பண்ணச் சொல்லல."

"செலவு... தாயி..."

சிவரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்படியானால் தேய்த்திருக்கிறான். கை ஓயும் வரை தேய்த்திருக்கிறான். கதவு ஒவ்வொரு தடவையும் திறக்காமல் நின்றிருக்கிறது. ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

"குடிச்சிட்டுத் தூங்கிட்டான்னு சொன்னீங்களே... அவரு பீடிகூடத் தொட மாட்டாரு."

"தப்புத்தான்... எட்டு நாப்பதும் தாரேன். பத்தாத் தாரேன். வெரல் மரத்துப் போச்சு... லெவலைக் கொறச்சிட்டியா?"

"ஏத்தவே இல்ல முதலாளி."

"...என்ன?"

"போன மாசமே சர்வரைச் சரி பண்ணிட்டேன். கதவு நல்லாத்தான் இருக்கு. என்னையக் கூப்பிடாம, சட்டைப்பையில இருக்க கார்டைத் தேய்ச்சிருந்தா அப்பவே வெளிய வந்திருப்பீங்க. நான் ஒரு பட்டனைக்கூடத் தொடல. லாக்ல ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது."

பரபரவென்று சட்டையைத் துழாவும் சத்தம்.

டக்.

பிளாஸ்டிக் அட்டை ஐஸில் விழுந்து எங்கேயோ சறுக்கிப் போனது.

"வெரலு மடங்க மாட்டேங்குது... தாயி... எடுக்க முடியல... வா தாயி... பணம்..."

"பாக்கியப் பத்திக் கவலைப்படாதீங்க. மொத்தமும் தள்ளுபடி."

வைத்துவிட்டாள்.

அது மறுபடி அடித்தது. அடித்தது. பிறகு ஓய்ந்தது.

வெகுநேரம் கழித்து, பல்லைக் குத்திக்கொண்டே வந்தார் வாட்ச்மேன் ஆண்டிச்சாமி. கையில் தூக்குவாளி.

"காரு நிக்குது, முதலாளிய எங்கம்மா?"

"உள்ள இருக்காருண்ணே. வரலை."

"அவருக்குன்னு கறிக்கொழம்பு வாங்கியாந்தேன். இந்த வெயிலுக்குக் கெட்டுப் போயிருமே."

"கொழம்பை நீங்க சாப்பிட்டுருங்கண்ணே..."

சிவரஞ்சனி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"முதலாளி கெட மாட்டாரு."