பச்சை எரியாத முகூர்த்தப் பட்டு

மெட்ரோவை விட்டு இறங்கியதுமே சுவர் விளம்பரத்தில் என் மகள் தாரணி அரக்குப் பட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை அஷ்வத். கல்யாணம் நிச்சயமான வீட்டை இந்த விளம்பரக்காரர்கள் எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ, சனியன்கள். நிஜத் தாரணியோ நகத்தைக் கடித்தபடி பின்னால் வந்தாள்.

நாங்கள் நுழைந்தது அன்றைக்கு மூன்றாவது பட்டுக்கடை. முன்பெல்லாம் பிடிக்காத புடவையையும் பேசிப் பேசியே தலையில் கட்டிவிடுவார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொட்டியதில் கடைகள் திவாலாகி, இப்போது மனமானி கட்டாயம். உடுத்தப்போகிறவள் திரைமுன் நின்றால் கண்ணையும் நாடியையும் படிக்கும். பிடித்திருந்தால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. பச்சை எரியாமல் பில் கிடையாது.

திரையில் புடவைகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் தாரணி மணப்பெண்ணாக, அருகில் அஷ்வத் வேட்டி சட்டையில். எல்லாவற்றுக்கும் சிவப்பு.

“என்னடி, உலகத்துல இல்லாத புடவையா கேக்குற? பார்டர் பெருசா வேணுமா, சின்னதா வேணுமா? வாயைத் திறந்து சொல்லித் தொலை!”

“எதுவா இருந்தாலும் சரிம்மா.”

சம்பந்தியம்மா வத்சலா மணி பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறதாம். எனக்கு மானம் போயிற்று. முகூர்த்தப் பட்டெடுக்கச் சம்பந்தியையும் கூட்டி வருவது வழக்கம். இன்று வராமல் இருந்திருக்கக் கூடாதா?

விற்பனையாளர் ரியாஸ் தலையைச் சொறிந்தார். “ஆள் ஜாஸ்தியானா மனமானி குழம்பும் மேடம். கூட நிக்கிறவரை எடுத்துட்டுப் பாக்கலாமா?”

திரையிலிருந்து அஷ்வத் மறைந்தான். முதலில் காட்டிய அதே அரக்குப் பட்டு. பளிச்சென்று பச்சை.

“அப்பாடா! பில் போடுங்க” என்றார் சம்பந்தியம்மா.

நான் ரியாஸ் பக்கம் திரும்பினேன். “தம்பி, மாப்பிள்ளையைத் திரும்ப வைங்க.”

சிவப்பு.

“எடுங்க.”

பச்சை.

“மெஷின் கோளாறுங்க. பச்சை இருக்கும்போதே போடச் சொல்லுங்க.” சம்பந்தியம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று. பெண் தலையாட்டினாள், அது போதும் என்று இருந்துவிட்டேன். பார்டரைப் பற்றி ஆயிரம் தடவை கேட்ட நான் இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சம்பந்தி முன்னாலேயே கேட்டேன். “தாரணி, அஷ்வத்தை உனக்குப் பிடிச்சிருக்கா?”

அவள் திரையைப் பார்க்கவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள்.

“இப்பவாவது கேட்டியேம்மா.”