கழுத்தில் அக்காவின் அட்டை

நறுக்கென்று ஒரு சத்தம்...

மாநாட்டு வேனில் ஏறி உட்கார்ந்தவள் பதறி எழுந்தாள். பக்கத்து சீட்டுக்காரன் மழையில் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என் கண்ணாடி..." என்றான் பாவமாக.

"சீட்டுல வச்சா உட்காரத்தான் செய்வாங்க!"

"பார்த்து உட்காரக் கூடாதா?"

"கண்ணு தெரியாதது உங்களுக்குத்தானே, எனக்கில்லையே?" என்று சொன்ன பிறகுதான் உறைத்தது... கண்ணு தெரிகிறவள்தானே பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்!

அவன் சிரித்துவிட்டான். பெரிய, கொஞ்சம் திகைத்த கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றது. அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

கண்ணாடி கோணி, ஒரு பக்கக் கம்பி கழன்று தொங்கியது. அவன் சட்டைப்பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் பிடுங்காத குறையாக வாங்கினாள். ஓடும் வேனிலேயே திருகாணியை முடுக்கி, ஃப்ரேமை விரலால் நிமிர்த்தி, அவன் முகத்தில் மாட்டித் தலை சாய்த்துப் பார்த்தாள்.

"அடேயப்பா! ஆபரேஷன் மட்டும்தான் பண்ணுவீங்கன்னு நினைச்சேன், டாக்டர்!"

டாக்டர்... அவள் கை தானாகக் கழுத்தில் தொங்கிய அட்டைக்குப் போனது. கண் மருத்துவர் மாநாட்டு அட்டை. பெயர் அக்காவுடையது. கடைசி நேரத்தில் அக்காவுக்குக் காய்ச்சல். 'நீயாவது போய் புது ஃப்ரேமெல்லாம் பார்த்துட்டு வா. அட்டையை மாட்டிக்கோ, வாயை மட்டும் திறக்காதே' என்று அனுப்பிவைத்தாள். இவள் கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்துகிறவள். ஊருக்கெல்லாம் 'டாக்டரோட தங்கச்சி'.

"சும்மா... கைப்பழக்கம்" என்று மழுப்பினாள். வெட்கக்கேடுதான். ஆனாலும் அந்த 'டாக்டர்' காதுக்கு இனித்தது.

அவன் ஆபரேஷன் மைக்ராஸ்கோப் பழுதுபார்க்கும் எஞ்சினியர். மத்தியானம் மாநாட்டுச் சாப்பாட்டு வரிசை வாசல் வரை நின்றது. "கண்ணாடியை உடைச்சதுக்கு எனக்குத் துணையா சாப்பிட வாங்க" என்றான். வெளியே ஒரு ஹோட்டலுக்கு பஸ்ஸில் இரண்டு ஸ்டாப். பேச்சு சுவாரசியத்தில் நான்காவதில் இறங்கி, ஒரே குடையில் திரும்பி நடந்தார்கள். ஜன்னலோர மேசையில் பெயர் தெரியாத சூப் ஒன்றைத் துணிந்து ஆர்டர் செய்தார்கள். காரம் உச்சந்தலையில் ஏறியது.

"கண்ணுல தண்ணி கொட்டுது டாக்டர், ஏதாவது பண்ணுங்க!"

"மூடிக்கிட்டுக் குடிங்க..."

"எதை? கண்ணையா, வாயையா?"

சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது. அப்போதுதான் அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன்னாலே நடுங்குவாங்க. உங்களைப் பத்திக் காலையிலேயே போன்ல சொன்னேன். கண்ணாடியையே அவ்வளவு பதமா தொடுற டாக்டர்னா வரேன்னுட்டாங்க... முதல் தடவையா சம்மதிச்சிருக்காங்க!"

அவள் சூப் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். சிரிச்சு மழுப்பலாமா... ஊருக்குப் போய் போனை எடுக்காமல் இருக்கலாமா... சீ! ஒரு தாயின் கண்.

அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நான் டாக்டர் இல்லீங்க. இது என் அக்காவோட அட்டை. நான் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறேன். நீங்க டாக்டர்னு கூப்பிட்டது நல்லா இருந்துச்சு... அதான் சும்மா இருந்துட்டேன். எனக்கே என்னை நினைச்சா கூசுது."

அவன் அட்டையை அவள் பக்கமாகவே தள்ளினான். "அம்மா இந்நேரம் தெருவுக்கே சொல்லியிருப்பாங்க" என்று மட்டும் சொன்னான். பஸ் ஸ்டாப் வரை அவளைத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். குடையை மட்டும் முழுக்க அவள் பக்கமே பிடித்திருந்தான். அவன் தோள் நனைந்ததைப் பார்க்கப் பார்க்க, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை அதே வேன். மாநாட்டுக்கு வரவில்லை, வழியில் ரயில் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்கிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவைத்திருந்தாள். கழுத்தில் அட்டை இல்லை. அவன் தட்டுத்தடுமாறி ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து கையிலிருந்ததை நீட்டினான். கண்ணாடி மறுபடியும் கோணியிருந்தது.

"யார் உட்கார்ந்தா?" என்றாள் மெல்ல.

"நான்தான்... வேணும்னே."

அவளுக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை.

"அம்மாகிட்ட எல்லாம் சொன்னேன். அந்தப் பொண்ணு எப்ப உண்மையைச் சொன்னான்னு கேட்டாங்க. கண்ணுன்னு பேச்சு வந்த உடனேன்னேன். சரி, அவ அக்காகிட்டயே கூட்டிட்டுப் போ, ஆனா அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு என் கையைப் பிடிச்சுக்கணும்னாங்க."

"உங்களுக்கு... கோபம்?"

"இருக்கு. நேத்து அந்த சூப் முடிஞ்சதும் உங்ககிட்ட ஒண்ணு சொல்ல இருந்தேன். சொல்ல விடாம பண்ணிட்டீங்க."

"என்னது?"

"முதல்ல கண்ணாடியைச் சரி பண்ணுங்க. முகத்தைப் பார்த்துச் சொல்லணும்."

எத்தனையோ முகங்களுக்குப் பொருத்திய விரல்கள் இன்று ஃப்ரேமை நிமிர்த்த மூன்று தடவை முயன்றன. மாட்டிவிட்டு, கடையில் எல்லோரிடமும் கேட்பதையே கேட்டாள்.

"இப்ப சரியா தெரியுதா?"

"தெரியுது... டாக்டர் தெரியல, டாக்டரோட தங்கச்சியும் தெரியல. கண்ணாடிக் கடைப் பொண்ணு ஒருத்தி தெரியறா. அவளைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

வேன் நின்றது. "ஸ்டேஷன்ல இறங்கணும்னு சொன்னது யாரும்மா?" என்று திரும்பினார் டிரைவர்.

அவள் முகம் சிவந்து தலை குனிந்தாள்.

"யாரும் இறங்கல அண்ணா... நீங்க போங்க."