பூஜ்யம் காட்டாத தண்ணீர்

அன்று காலை பிரைட்டன் தன் மனைவி ஜெபசுதாவிடம் திட்டு வாங்கிவிட்டுத்தான் போனான்.

ஏற்றுமதி இறாலையும் கடல் தண்ணீரையும் சோதிக்கும் ஆய்வகத்தில், துகள் அளக்கும் கருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குவெட்டின் வாயில் ‘ப்பூ’ என்று ஊதினான். விரல் நீளம்கூட இல்லாத சதுரக் கண்ணாடிக் குப்பி அது. சுவரில் ஒட்டிய காற்றுக்குமிழைக் கிளப்ப அவனுக்குத் தெரிந்த ஒரே வழி ஊதுவதுதான்.

“எத்தன தடவ சொல்லுதது? உங்க எச்சில்ல உள்ள புரோட்டீன் பூரா அதுக்குள்ள போகுதுல்லா.”

“போட்டும்ளா. எறால்ல மனுசன் கலந்திருக்குன்னு எக்ஸ்போர்ட்காரன் கேஸ் போடுவானோ?”

“சிரிக்காதீங்க. கழுவி வைங்க மொதல்ல.”

கழுவி வைத்தான். நீச்சல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தருவைகுளத்துக் கடற்கரைக்குக் கிளம்பினான். முத்துச்சிப்பிகள் வளரும் கடலடிப் பாறையில் மூழ்கி, அடித்தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துவருவது அவன் வேலை. படகில் இருந்தவர்கள் சொன்னது இவ்வளவுதான்: கயிறு அசைந்தது, இழுத்தார்கள், பாட்டில் வந்தது. நிறைந்திருந்தது. மூடி இறுகத் திருகியிருந்தது. அவன் வரவில்லை.

கடலோரக் காவல் படகுகள் தேடின. தருவைகுளத்துக்காரர்கள் வலைபோட்டுத் தேடினார்கள். துடுப்புச் செருப்புகூடக் கிடைக்கவில்லை.

சொந்த ஊரான நாசரேத்தில் இருந்த மாமியார் அற்புதமணி தினமும் சாயங்காலம் ஜெபசுதாவுக்குப் போன் செய்தாள். ஒரே கேள்வி. “ஏளா சுதா, எதாச்சும் கெடைச்சுதா?” இல்லை என்றதும் ஒரே பதில். “ஒரு நகமாச்சும் கெடைச்சா போதும்ளா. வெறும் பெட்டிய எப்படி அடக்கம் பண்ணுதது? அவங்க அப்பா பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்கு.” அந்த ஒரு நகத்துக்காக ஜெபசுதாவும் ஜெபித்தாள். அவனை எங்காவது வைக்கவேண்டும். மண் போடவேண்டும். அப்புறம்தான் தூங்கமுடியும் என்று தோன்றியது.

வேலைக்குத் திரும்பியதும் அந்தக் கடைசிப் பாட்டிலை அவளே சோதித்தாள். வேறு யாரும் தொட விரும்பவில்லை. மணல், பாசி, துறைமுகத்து நிலக்கரித் தூள். வழக்கமானவைதான். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

அதற்குப் பிறகுதான் பிளாங்க் கெட்டது.

எந்தச் சோதனைக்கும் முன்னால் வடிகட்டிய சுத்தத் தண்ணீரை மட்டும் கருவிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். அதுதான் பிளாங்க். அதில் துகளே இருக்காது. திரையில் கோடு தரையோடு படுத்துக்கிடக்கும். இப்போது நடுவில் ஒரு மேடு எழுந்திருந்தது. சின்ன மேடு, போர்வைக்குள் யாரோ முழங்காலை மடக்கியதுபோல.

குவெட்டை மாற்றினாள். வடிகட்டியை மாற்றினாள். மேடு போகவில்லை. மறுநாள் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. வலப்பக்கம் என்றால் துகள் பெரிதாகிறது என்று அர்த்தம்.

“லேசர் சன்னல்ல அழுக்கு இருக்கும்மா,” என்றார் மூத்த டெக்னீசியன் முத்துச்செல்வம். “ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சிட்டுப் போடு.”

“தொடைச்சிட்டேன் அண்ணாச்சி.”

“அப்பம் அந்த மெஷினுக்கும் மனசு சரியில்ல போல.” சொன்ன பிறகு சங்கடப்பட்டுத் தலையைச் சொறிந்தார். “வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு தாயி.”

அவள் போகவில்லை. அதே தண்ணீரை அடுத்த அறையில் இருந்த பெரிய கருவிக்குக் கொடுத்தாள். புரதங்களைத் துண்டு துண்டாக்கி எடைபோட்டுப் பெயர் சொல்லும் கருவி. பெயர்கள் வந்தன. மனிதத் தோல். மனித எச்சில்.

என்னுடையதுதான், என்று நினைத்தாள். கையுறைமேல் கையுறை போட்டாள், முகக்கவசம் போட்டாள், முடியை மூடினாள். மறுபடி கொடுத்தாள். தோல், எச்சில், அதோடு புதிதாக ஒன்று: நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரித்துவைக்கும் புரதம். மூச்சுவிடும் நுரையீரலில் மட்டும் இருப்பது.

அன்று அற்புதமணி கேட்டபோது ஜெபசுதா உடனே இல்லை என்று சொல்லவில்லை. “பாத்துட்டு இருக்கேன் அத்தை,” என்றாள். மறுமுனையில் கிழவி அழுதாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மத்தியானம், உப்பளங்களின் பக்கமிருந்து கருவாட்டு வாடையும் ஈரமண் வாடையும் கலந்த காற்று கதவிடுக்கில் நுழைந்து ஸ்பிரிட் நெடியோடு பிணைந்துகொண்டிருக்க, மூன்று மணிக்கே விளக்கு போடவேண்டிய அளவுக்கு அறை இருண்டுபோக, அடுத்த அறைப் பம்பின் உறுமல் மேசைக்கால் வழியாக அவள் முழங்கை வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டில் தண்ணீர் தேங்கிவிடும் என்று மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். முத்துச்செல்வம் மட்டும் ரெயின்கோட்டோடு வாசலில் நின்றார்.

“நீயும் கெளம்பு தாயி. கரண்டு போயிரும்.”

“இந்த ரிசல்ட் ஒண்ணு வரட்டும் அண்ணாச்சி.”

அவருடைய பைக் சத்தம் மழைக்குள் கரைந்தது.

பெரிய கருவியின் திரையில் பட்டியல் ஏறியது. முதல் பெயரைப் படித்ததும் அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணின் வில்லையில் இருக்கும் புரதம். தாயின் வயிற்றில் ஒருமுறை உருவாகி, சாகும்வரை மாறாமலே இருப்பது. அற்புதமணியின் வயிற்றில் உருவானது. அதற்கடுத்த பெயர் மனிதனுடையதே இல்லை. முத்துச்சிப்பி, தனக்குள் புகுந்த அந்நியப் பொருளைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூசும் பளபளப்பின் புரதம். இரண்டும் தனித்தனியாக இல்லை. ஒரே துண்டில், ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

அவள் துகள் அளக்கும் கருவியிடம் போனாள். பிளாங்க் உள்ளேயே இருந்தது. தண்ணீரில் துகள்கள் தாறுமாறாகத்தான் ஆடும், அதனால் சிதறும் ஒளியைக் காட்டும் திரைக்கோடும் தாறுமாறாகத்தான் துடிக்கும். இப்போது கோடு துடிக்கவில்லை. மெதுவாக ஏறியது. நின்றது. மெதுவாக இறங்கியது. மறுபடி ஏறியது. பக்கத்தில் படுத்திருந்தவனின் நெஞ்சை எத்தனையோ விடியற்காலைகளில் அவள் இப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

“என்னங்க,” என்றாள்.

கோடு பாதியில் நின்றது.

கரண்டு போனது.

பம்பு முனகி அடங்கியது. மழையும் விட்டிருந்தது, எப்போது என்று தெரியவில்லை. திரை கறுப்பு. ஆனால் கருவியின் மூடிக்கடியில் ஏதோ தட்டியது. கண்ணாடியில் கல் படும் சத்தம். சின்னது. டிக். டிக்.

போன் வெளிச்சத்தில் மூடியைத் திறந்தாள். குவெட்டை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, உடம்புச் சூடு. அடியில் ஒன்று கிடந்தது. மிளகளவு. வெள்ளை. பக்கவாட்டில் திரும்பும்போது இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடும் வெள்ளை. அழகாக இருந்தது. மனதுக்குள் ஏதோ தளர்ந்தது. ஒரு பெட்டிக்கு இது போதும். இதை நாசரேத்துக்குக் கொண்டுபோகலாம். கிழவியின் கையில் கொடுக்கலாம்.

கையில் இருந்த போன் அடித்தது; கட்டைவிரலால் ஸ்பீக்கரில் போட்டாள். அற்புதமணி.

“ஏளா சுதா, எதாச்சும் கெடைச்சுதா?”

வெள்ளையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. குவெட்டை இடப்பக்கம் சாய்த்தாள். புள்ளி அவள் பக்கம் திரும்பியது. வலப்பக்கம் சாய்த்தாள். திரும்பியது. கையை எட்டிய மட்டும் தள்ளி நீட்டினாள். புள்ளி கொஞ்சம் விரிந்தது, இருட்டில் பார்க்க முயல்வதுபோல.

“சுதா? பேசுளா. என் பிள்ளையில எதாச்சும் கெடைச்சுதா? நாளைக்கே குழி வெட்டச் சொல்லிருதேன்.”

அவன் அம்மாவின் குரல் வந்த பக்கம் அது மெல்ல உருண்டது. கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஜெபசுதாவைப் பார்த்தது. மண் போடப்போகிறவளை.

“சுதா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தாள். மறுபடி மூடினாள். திறந்தாள்.

அது பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு இமை இல்லை.