வாய் நறுங்கிய பாட்டில்

கொதிக்கும் காரச்சோடாவில் முங்கி, ஐந்து தண்ணீரில் அலசப்பட்டு வரும் பாட்டில் பளிச்சென்றுதான் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, வெளிச்சப் பலகையின் முன்னால் ஊர்ந்து வந்த ஒன்று மட்டும் உள்ளிருந்து மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. யாரோ உள்ளே உட்கார்ந்து கண்ணாடியில் மூச்சு விடுவதுபோல.

மப்ரூக்கா அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். வாய்விளிம்பில் பிறை போல ஒரு நறுங்கல், சில்லு பெயர்ந்த தடம்.

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பால் ஆலையை பிரெஞ்சுக்காரன் தன் காலைக் காபிக்காகக் கட்டினான். போகும்போது காபியோடு கிளம்பிவிட்டான், இயந்திரங்களை விட்டுவிட்டான். அன்றிலிருந்து அதே பாட்டில்கள்தான் வீட்டுக்கு வீடு சுற்றுகின்றன. எந்த வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார்கள், எந்த நல்ல மனிதர் அத்திச் சாராயத்தை ஒளித்து வைத்தார் என்பதெல்லாம் கழுவிய பிறகும் மப்ரூக்காவின் மூக்குக்குத் தெரிந்துவிடும். தெருவுக்கு அவளால் எவ்வளவோ பயன்.

கழுவி வரும் பாட்டிலைச் சோதிப்பதுதான் ஆலையிலேயே உட்கார்ந்து பார்க்கும் ஒரே வேலை. பதினான்கு வருடம் காத்திருந்து, வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை அனீஸ். புருஷன் பிரெஞ்சு நாட்டு லியோனுக்குப் போனவன், கடிதமும் அவனோடு போய்விட்டது. அந்த நாற்காலி போனால் முற்றத்தில் பெட்டி தூக்க வேண்டும். தையல் தாங்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

கழித்த பாட்டில்கள் மறுபடி கழுவப் போகும். அரை மணி நேரத்தில் பிறை வாய் திரும்ப வந்தது. மங்கியது. தெளிந்தது. அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சங்கிலி நின்றது. மேஸ்திரி துஹாமி வந்து தூக்கிப் பார்த்தபோது பாட்டில் தெளிவாக இருந்தது. அடுத்த சுற்றில் மறுபடி நிறுத்தினாள். அவர் பார்த்தபோது மறுபடி தெளிவு.

"கண்ணைக் கொண்டுபோய்க் காட்டும்மா, பாட்டில்ல ஒண்ணும் இல்ல."

"மூச்சு விடுது துஹாமி ஐயா. அல்லா மேல ஆணையா."

"நல்லது. பேச ஆரம்பிச்சா சொல்லு, சம்பளம் போட்டுடலாம்." சங்கிலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். "மூணாவது தடவ நிறுத்துனா நேரா முற்றத்துக்குப் போ."

"வாய் நறுங்கியிருக்கே, அதுக்காகவாவது உடைச்சுப் போடுங்க!"

"இதெல்லாம் ஒரு நறுங்கலா? ஊர்ல பாதிப்பேரு வாய் இதவிட மோசம்."

அவரே அதைச் சங்கிலியில் வைத்தார். அது அவள் முகத்துக்கு நேராக, ஒரு கை தூரத்தில், நகர்ந்தது. மங்கியது. எடுத்திருக்கலாம். ஆத்திரத்தில் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். 'போ. எவ வீட்டுக்கோ போ. எனக்கென்ன?'

போய்விட்டது.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தபோது தெரு வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. நாத்தனார் ஹல்லூமா விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கையில என்ன?"

"உங்க ஆலை லட்சணம்தான் அண்ணி. மளிகைக்காரன் குடுத்த பாட்டில் வாயி நறுங்கியிருந்துது, புள்ளைக்குப் பால் ஊத்தறப்போ கீறிடுச்சு. ஆனா இன்னிக்கு ஒரு சொட்டு விடல, ராசா!"

"அந்த பாட்டில் எங்க?"

"காலிய வச்சிட்டு என்ன பண்ண? வண்டிக்காரன் எடுத்துட்டுப் போய்ட்டான். ஏன், தெருவே சொல்லிச் சிரிக்குதே, அதுவும் மூச்சு விட்டுச்சா?"

அனீஸ் தூங்கிக்கொண்டிருந்தான். மார்பு ஏறி இறங்கியது. மூச்சுச் சத்தம் கேட்டது, பால் வாசத்தோடு. மப்ரூக்கா சுவரிலிருந்த சிறு கண்ணாடியைக் கழற்றி அவன் உதட்டருகே பிடித்தாள். எண்ணிக்கொண்டே பிடித்திருந்தாள். நூறு வரை.

கண்ணாடி மங்கவே இல்லை.

அந்தப் பாட்டிலைத் தேடி ஆலை வாசலுக்கு ஓடினாள். வண்டி முன்பே வந்து இறக்கிவிட்டிருந்தது. முற்றத்தில் பெட்டிகள் கூரை உயரத்துக்கு நின்றன. "வேலை நேரம் முடிஞ்சா உள்ள விடமாட்டோம்" என்றான் காவலாளி.

விடியும் முன்பே நாற்காலியில் இருந்தாள். சிவப்புப் பொத்தான் மேல் ஒரு தகரப் பெட்டி. அதற்கொரு பூட்டு. துஹாமி சொன்னதைச் செய்பவர்; அதற்கு மேலும் செய்பவர்.

சங்கிலி கிளம்பியது. கண்ணாடிகள் உரசும் சத்தம். சோடா நெடி.

முதல் பாட்டில். மங்கியது.

இரண்டாவது. மங்கியது.

மூன்றாவது, நான்காவது, பத்தாவது. ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில். ஒவ்வொன்றின் வாயிலும் பிறை.

எது? எதில் அவன் மூச்சு?

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். "துஹாமி! நிறுத்துங்க!" இயந்திர இரைச்சலில் யாரும் திரும்பவில்லை. இரண்டு கையாலும் அள்ளினாள். உடைக்கவும் பயம். மடி நிறைந்தது. அதைவிட வேகமாக வந்துகொண்டே இருந்தன.

அப்போது ஒன்றில், அவள் கை எட்டாத தூரத்தில், மூச்சு பழகிய தாளத்தில் வந்தது. இரண்டு சின்னது, ஒரு பெரியது. அனீஸ் தூங்கும் தாளம்.

அது நிரப்பும் சக்கரத்துக்குள் நுழைந்தது. பால் இறங்கியது. வெண்மை ஏற ஏற, அந்த ஆவி கழுத்துக்கு ஏறியது. வாய் வரை. வேகமாக. இன்னும் வேகமாக.

வெள்ளித்தாள் மூடி விழுந்தது.

மூடி, உள்ளிருந்து, மெல்லப் புடைத்து அமிழ்ந்தது. மறுபடி புடைத்தது.