உறையில் சிக்கிய வாள்

காமயகவுண்டன்பட்டி. 2003, மாசி மாதம். மாலை ஆறு மணி.

இன்ஸ்பெக்டர் முனீஸ்வரியின் ஜீப் திராட்சைத் தோட்டத்து வீட்டின் முன் நின்றபோது, செத்துக் கிடந்தவர் ஒருவர், சாகக் கிடந்தவன் இன்னொருவன். செத்தவர் வீட்டுக்காரர் சுந்தர்ராஜ், மாடி ஹாலில் கிடந்தார். சாகக் கிடந்தவன் அவருடைய தம்பி சுருளியாண்டி, வாசலில், ஊர்க்காரர்களின் காலடியில்.

"அண்ணனையே வெட்டிப்புட்டாம்மா! விடுங்க, இங்கனயே முடிச்சுருவோம்!"

கூட்டம் கத்தியது. முனீஸ்வரி லத்தியைச் சுழற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினாள். நாலைந்து முதுகுகளில் அடி விழுந்த பிறகுதான் வழி கிடைத்தது. சுருளியாண்டியின் வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான திசையில் மடங்கிக் கிடந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பல் இரண்டு மண்ணில் கிடந்தன.

"நான் வெட்டலம்மா," என்றான், வாயிலிருந்து ரத்தம் வழிய. "கிணத்து மோட்டார் தகராறு பேச வந்தேன். கழுத்துல வாளு நின்னுச்சு. உருவினேன். அவ்வளவுதேன்."

"பொய்! கையில வாளோட நின்னான். நான் எங்கண்ணால பாத்தேன்," என்று வாசற்படியில் நின்று கத்தினாள் கஸ்தூரியம்மாள். செத்தவரின் மனைவி. பகல் முழுக்கத் தோட்டத்தில் ஆட்களோடு திராட்சை வெட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

சுருளியாண்டியை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு முனீஸ்வரி மாடி ஏறினாள். ஏட்டு பிச்சைமணி பின்னால் வந்தார்.

ஹால் சுவர் முழுக்க ஆயுதங்கள். நேபாளத்துக் குக்ரி, நாகாலாந்து வெட்டுக்கத்தி, சுருட்டி மாட்டிய மலையாளத்து உறுமி வாள், ராஜபுத்திரர் கட்டாரி. சுந்தர்ராஜ் ராணுவத்தில் இருந்தவர். போன ஊரிலெல்லாம் அந்த ஊர் ஆயுதம் ஒன்றை வாங்கி வருவது அவருடைய பித்து. இப்போது அவர் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தார். கழுத்து பாதிக்கு மேல் அறுபட்டிருந்தது. ரத்தம் மேசைக் கால் வரைக்கும் போய் உறைந்திருந்தது.

அவர் பக்கத்தில் ஒரு வாள். லேசான வளைவு, பிடியின் நுனியில் காது மாதிரி இரண்டு மடல். சற்றுத் தள்ளி அதன் வெள்ளி உறை. முனீஸ்வரி உறையை எடுத்து முகர்ந்தாள். உறையின் வாயிலிருந்து எண்ணெய் சொட்டியது. தேங்காய் எண்ணெய்.

கூட்டம் மேலே வருவதற்குள் வாளைத் துணியில் சுற்றி முத்திரை வைக்கச் சொன்னாள்.

மறுநாள் காலை டாக்டர் சொன்னார்: "மூணு காயம். கழுத்து வெட்டுத்தான் உயிரை எடுத்தது. ஆனா அதுக்கு முன்னால ரெண்டு அடி. இடது தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சிருக்கு, தடுக்கத் தூக்குன கையும் ஒடிஞ்சிருக்கு. ரெண்டு இடத்துலயும் தோல் கிழியல. ஏதோ ஒரு கம்பி, தடி மாதிரி."

பிச்சைமணிக்கு முடிவு தெரிந்துவிட்டது. "ரெண்டு பேரும்மா. ஒருத்தன் தடியால அடிச்சான், சுருளி வெட்டினான். ஏற்கெனவே அருவா கேஸ் உள்ளவன். வாய்க்கா தகராறுல ஒருத்தன் கையை ஒரே வெட்டுல எடுத்தவன்."

"தடி எங்க?"

"தேடிக்கிட்டு இருக்கோம்."

"எதுக்கும் தேடுங்க," என்று சொல்லிவிட்டு முனீஸ்வரி கஸ்தூரியம்மாளைப் பார்க்கப் போனாள். அழுது அழுது அவளுக்குக் குரல் கட்டியிருந்தது.

"அந்த வாள் எப்ப வந்துச்சு?"

"நேத்துக் காலையில பார்சல்ல. உடனே தமிழ்மாறன் சாருக்குப் போன் பண்ணி வரச் சொன்னாக."

"அவர் யாரு?"

"உத்தமபாளையத்துல இருக்காக. வெளிநாட்டு மியூசியத்துல வேலை பாத்தவகளாம். எது எந்த நாட்டுதுன்னு அவகதேன் சொல்லுவாக. துருப்பிடிச்சா சுத்தம் பண்ணியும் குடுப்பாக."

"இதை என்னன்னு சொன்னாரு?"

"பாரசீக வாளுன்னாக. குதிரையில போறவன் வெளி வளைவால இழுத்து அறுத்துட்டுப் போவானாம். கையை வீசிக் காட்டினாக. ஆனா வாளு உறையை விட்டு வரல. ரெண்டு பேரும் இழுத்துப் பாத்தாக. எண்ணெய ஊத்தி வைங்க, ஊறட்டும்னு சொல்லிட்டு அவக கிளம்பிட்டாக. நானும் தோட்டத்துக்குப் போயிட்டேன்."

"உங்க கொழுந்தன் அப்ப இருந்தாரா?"

"இல்ல. அவன் சாயங்காலந்தேன் வந்தான்."

முனீஸ்வரி எழுந்தாள். கஸ்தூரியம்மாள் தானாகவே ஒன்று சொன்னாள். "சாகுறதுக்கு முன்னால ரெண்டு நாளா எங்க வீட்டுக்காரவுகளுக்கு மனசு சரியில்ல. சுவத்துல இருக்கிற கட்டாரிய எடுத்து எடுத்துப் பாத்தாக. சார் சுத்தம் பண்ணிக் குடுத்ததுல இருந்து கனமே குறைஞ்ச மாதிரி இருக்குன்னாக."

பிற்பகல் தமிழ்மாறனே ஸ்டேஷனுக்கு வந்தார். ஐம்பது வயது, தங்க ஃபிரேம் கண்ணாடி, கலங்கிய கண்.

"என் நண்பரை இழந்துட்டேன் மேடம். அந்த வாளைப் பத்தி ஏதாவது உதவி வேணும்னா செய்யறேன்."

முனீஸ்வரி முத்திரை வைத்த துணிக்கட்டை மேசையில் வைத்தாள்.

"பிரிக்கவே வேண்டாம்," என்றார் அவர். "துருக்கி நாட்டு யடகான். மத்த வாள் மாதிரி இல்ல, உள்வளைவுலதான் கூர். நம்ம அரிவாள் மாதிரி. அரிவாள் பிடிச்சுப் பழகுன கைக்கு ரொம்ப வாட்டமான ஆயுதம். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல."

"நீங்க சொல்றது ரொம்ப உதவியா இருக்கு," என்றாள் முனீஸ்வரி. உண்மையாகத்தான் சொன்னாள்.

அவர் போன பிறகு முத்திரையை உடைத்து வாளைப் பார்த்தாள். உள்வளைவில் காய்ந்த ரத்தம். வெளிவளைவு மழுங்கிய, தடித்த முதுகு. அந்த முதுகில், துருப்பிடித்த ஒரு பிசிரில், சட்டையின் வெள்ளை நூல் இரண்டு சிக்கியிருந்தன. சுந்தர்ராஜ் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

வாளைத் துணியோடு பிடித்து மெதுவாக ஓங்கினாள். தேனியில் பிறந்து, மாட்டுக்குப் புல் அறுத்து வளர்ந்த கை. யோசிக்காமலே உள்வளைவு முன்னால் திரும்பிக்கொண்டது.

"ஏட்டய்யா, தடியைத் தேட வேண்டாம்," என்றாள். "தமிழ்மாறன் வீட்டைச் சோதிக்க வாரண்டுக்கு ஏற்பாடு பண்ணுங்க. உத்தமபாளையம் கோர்ட்டு கிட்டத்துலதான் இருக்கு. அவரை நாளைக்குக் காலையில தோட்டத்து வீட்டுக்கு வரச் சொல்லுங்க. ஆயுதங்களைச் சரிபார்க்கணும்னு சொன்னாப் போதும்."

மறுநாள் காலை அதே ஹால். தரையைக் கழுவியிருந்தார்கள், ஆனால் வாடை போகவில்லை. கஸ்தூரியம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தமிழ்மாறன் ஆயுதங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முனீஸ்வரி குறுக்கிட்டாள்.

"நேத்து நீங்க சொன்னது என் மண்டையைக் குடையுது சார். அரிவாள் பிடிச்ச கைதான் வெட்டுச்சுன்னா, முதல் ரெண்டு அடியும் ஏன் வாளோட முதுகால விழுந்துச்சு?"

"முதுகாலயா?"

"தடி எதுவும் கிடையாது. எலும்பை ஒடிச்சதும் இதே வாள்தான். முதுகுல சட்டை நூல் இருக்கு. வெட்டினவன் வெளிவளைவுலதான் கூர் இருக்குன்னு நம்பி ஓங்கிப் போட்டிருக்கான். வெட்டல. எலும்பு ஒடிஞ்சுது. திரும்பவும் போட்டான். அப்பவும் வெட்டல. அதுக்கப்புறம்தான் கையைத் திருப்பினான்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பதற்றத்துல சுருளியாண்டி..."

"ஒரே வெட்டுல ஒருத்தன் கையை எடுத்தவன் சுருளி. அவன் கைக்கு உள்வளைவு தவிர வேற தெரியாது. இந்த ஊர்ல யாருக்குமே தெரியாது. இந்த வாள் வெளிப்பக்கம் வெட்டும்னு நம்புன ஆள் ஒருத்தர்தான். அன்னைக்குக் காலையில, இந்தம்மா முன்னாடி, கையை வீசிக் காட்டுன ஆள்."

கஸ்தூரியம்மாள் தலை நிமிர்ந்தாள்.

"நீங்க பார்த்தப்ப அது உறையில சிக்கியிருந்துச்சு. கொலை நடந்ததும் நாங்க கட்டிட்டோம். நேத்துக் கட்டைப் பிரிக்காமலே உள்பக்கம் கூர்னு சொன்னீங்க. நடுவுல அதை எப்ப சார் உருவிப் பார்த்தீங்க?"

"நூலகத்துல... புத்தகம் பார்த்தேன்."

"அப்ப அன்னைக்குக் காலையில ஏன் பாரசீகம்னு சொன்னீங்க?"

வாசலில் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டது. பிச்சைமணி படியேறி வந்தார். கையில் ஒரு கட்டாரி.

"அவரு வீட்டு பீரோவுல இருந்துச்சும்மா. இதோட இன்னும் ஏழெட்டு. அசலு பூராவும் அங்கன இருக்கு, இங்கன சுவத்துல தொங்குறது பூராவும் செஞ்ச மால். வாளியில ரத்தக்கறையோட சட்டை ஊறிக்கிட்டு இருந்துச்சு."

"கட்டாரி போலின்னு சுந்தர்ராஜ் கண்டுபிடிச்சுட்டாரு," என்றாள் முனீஸ்வரி. "மத்தியானம் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாரு. நீங்க கைக்கு வந்த வாளை இழுத்தீங்க. எண்ணெய் ஊறியிருந்ததால வந்துருச்சு. வாளைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆளுன்னு அவருக்குக் கடைசியா நீங்களே காட்டிட்டீங்க."

தமிழ்மாறன் நகர்ந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. சுவரிலிருந்த நாகா கத்தியைப் பிடுங்கி வீசினார். பிச்சைமணியின் முன்கை எலும்பு தெரியப் பிளந்தது. ரத்தம் சுவரில் தெறித்தது. அடுத்த வீச்சு முனீஸ்வரியின் தலைக்கு வந்தது. அவள் குனிந்தாள். கத்தி கதவு நிலையில் ஆழமாய்ப் பதிந்தது. அதை அவர் பிடுங்குவதற்குள் லத்தி அவருடைய மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இன்னொரு அடி முழங்காலில். அவர் முகம் குப்புற விழுந்தார். கண்ணாடி நொறுங்கிக் கன்னத்தில் ஏறியது.

"அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு," என்று தரையில் கிடந்தபடியே அலறினார் தமிழ்மாறன். "எல்லாருகிட்டயும் சொல்லிருவேன்னு சொல்லிச் சிரிச்சாரு!"

முனீஸ்வரி அவர் முதுகில் முழங்காலை வைத்து விலங்கை மாட்டினாள்.

அன்று பிற்பகல் ஆஸ்பத்திரியில், கட்டிலோடு பூட்டியிருந்த சுருளியாண்டியின் விலங்கை அவளே கழற்றினாள். ஒரு கண் இனி தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலது கை மாவுக்கட்டில் இருந்தது.

கஸ்தூரியம்மாள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"உங்கண்ணன் பாடி வந்துருச்சு," என்றாள். "பிள்ளை இல்லாத மனுசன். நீதேன் கொள்ளி வைக்கணும். எந்திரி."

"கை ஒடைஞ்சு கிடக்கு மதினி. சட்டிய எப்படித் தூக்க?"

"நான் பிடிச்சுக்கிறேன்."

அந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கஸ்தூரியம்மாள் போனாள். கொழுந்தனின் இடது கையும் அவளுடைய வலது கையும் ஒரே சட்டியைப் பிடித்திருந்தன. முந்தாநாள் அவனை மிதித்தவர்களில் பாதிப்பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.